பூசாரியிடம் கேட்காத கேள்வி

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை ஒருநாளும் எனக்கு விட்டுக்கொடுக்காத என் மச்சான் யோகனுக்கு,

இதை எழுதுகிற கையில் மஞ்சள் காப்பு கட்டியிருக்கிறது. ஆமாம், எனக்குத்தான். நம் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா தொடங்கி இன்றோடு நாலு நாள். இந்த வருஷம் உன் காவடியை நான் எடுக்கிறேன். நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கோவிலுக்குப் போனாலும் பொங்கல் முடிகிற நேரம் பார்த்துப் போகிறவன் நான். எனக்கே நம்ப முடியவில்லை.

உன் அம்மா கேட்டார், எடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவரிடம் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. பதினொரு மாதமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்த விஷயம் அது. எப்படிச் சொன்னேன், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதை நான் அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன், நம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். உன் பெயரைப் போடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். உன் அம்மாவை நான் எப்போதும் அத்தை என்றுதானே கூப்பிடுவேன். "எம்புள்ள என்ன கொல பண்ணிட்டானா, பேரப் போடு" என்றார்.

மடுல்கெல்லத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரே அறையில் குடியிருந்தவர்கள் நாம். நீ மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கினாய், நான் இரும்புக் கடையில் பில் எழுதினேன். குடு என்று ஊரெல்லாம் சொல்லும் ஹெரோயினும் அந்த அறைக்கு வந்தது. யார் முதலில் கொண்டு வந்தது என்று இரண்டு பேரும் ஆயிரம் தடவை சண்டை பிடித்திருக்கிறோம். இனி எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை, அதனால் நான்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. நம்மைக் கண்டால் தெரிந்தவர்கள் பாதையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். அது போதும்.

விடாத இருமலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் ஒரு டொக்டர் என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. கண்டியில் ஒரு கிளினிக் இருக்கிறது, மெதடோன் என்று ஒரு மருந்து தருவார்கள், தினமும் காலையில் போய் அங்கேயே குடிக்க வேண்டும், குடுவைத் தேடுகிற தவிப்பு அடங்கும் என்றார். நான் உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். நீ வழியெல்லாம் முனகினாய். ஜன்னல் சீட்டில் இருந்துகொண்டுதான் முனகினாய்.

முதல் வாரம் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சிறிய காகிதக் கப்பில் ஒரு வாய் தண்ணீர் மாதிரி ஒன்று. இதுவா நம்மைக் காப்பாற்றப் போகிறது என்று இருந்தது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காலையில் எழும்பிப் பல் விளக்கி, தேத்தண்ணி ஊற்றி, பாதி குடித்த பிறகுதான் திடீரென்று உறைத்தது. எழும்பி இவ்வளவு நேரமாகியும் நான் குடுவைப் பற்றி நினைக்கவே இல்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ மூன்றாவது ரொட்டியைக் கட்டச் சம்பலோடு மென்றுகொண்டிருந்தாய். நாலு வருஷத்தில் நீ அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எல்லாம் சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கண்டிக் குளிரிலும் சட்டை நனைய வியர்க்கும். வயிறு நாலு நாளைக்கு ஒருமுறைதான் இளகும். பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். முதலாளியிடம் வயிற்றுப்புண்ணுக்கு மருந்தெடுக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன், அவரும் பாவம், பத்தியச் சாப்பாடு பற்றியெல்லாம் விசாரிப்பார். மழையென்றாலும் போயா லீவென்றாலும் ஞாயிறென்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் நம் கை நடுங்கவில்லை, மச்சான். நீ வீட்டுக்குப் போன் எடுத்து அத்தையோடு அரை மணித்தியாலம் கதைக்கத் தொடங்கினாய். அதுவரைக்கும் அவர் எடுத்தால் நீ கட் பண்ணுவாய்.

மருந்தை விழுங்கினோமா, வாயில் ஒளித்து வைத்துக்கொண்டோமா என்று பார்க்க, குடித்த உடனே ஏதாவது பேசச் சொல்வார் நர்ஸ் மிஸ். அது அங்கே விதி. சிங்களப் பெண், நமக்காகத் தமிழில் கேட்பார். "ஏதாவது கதைங்க மல்லி." தம்பி என்று அவர் வாயில் வராது, மல்லிதான். எல்லாரும் பெயரைச் சொல்வார்கள், இல்லையென்றால் நன்றி சொல்வார்கள். நீ முதல் நாளே, "உப்பு கொஞ்சம் கம்மி மிஸ்" என்றாய். அவருக்கு விளங்கச் சில நொடி ஆனது, பிறகு மேசையில் சாய்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு உனக்குத் தினமும் ஒரு வசனம். ஒருநாள் கண்டக்டர் மாதிரிக் கூவினாய், ஒருநாள் வானிலை அறிக்கை வாசித்தாய். வரிசையில் நின்றவர்கள் உன் முறை வரும்வரை காத்திருந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வாயை நான்தான் அடைத்தேன்.

போன வருஷம் திருவிழாவுக்கு மூன்று கிழமைக்கு முன்னால் ஹேவாஹெட்டயில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனிடம் மட்டும் மருந்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சாதாரணமாகச் சொன்னான், ஒரு குடுவை விட்டு இன்னொரு குடுவைப் பிடித்திருக்கிறாய், இதிலென்ன பெருமை என்று. கையைக் கழுவிக்கொண்டு எழும்பினேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் தலைக்குள் ஓடியது. உன்னிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ ஏதாவது பகிடி விட்டு அதைக் கரைத்திருப்பாய்.

அடுத்த நாள் கிளினிக்கிலிருந்து திரும்பி வருகிறோம். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஊர்கிறது, கீழே மகாவலி கலங்கி ஓடுகிறது. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"மச்சான், எனக்கு நல்லபடியா ஆயிருச்சின்னு அம்மா காவடி நேந்திருக்காங்க. இதக் குடிச்சிக்கிட்டு காப்பு கட்டலாமா?"

நீ கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கட்டலாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் நீ கேட்டாய். எனக்கு அது விளங்கியது. விளங்கியும்தான் சொன்னேன்.

"இதுவும் போததானே மச்சான். வயித்துல இத வச்சிக்கிட்டு அம்மன ஏமாத்தாத."

அண்ணன் எனக்குள் போட்ட சொல்லை எடுத்து உன் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். இறக்கியதும் எனக்குக் கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

காப்புக் கட்டினால் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்றும் ஊரில் சொல்வார்கள். கிளினிக்குக்கோ தினமும் கண்டிக்கு வர வேண்டும். ஆகவே பத்து நாள் மருந்தில்லை என்று நாமே முடிவெடுத்தோம். பூசாரியிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன மருந்து, எதற்கு என்று சொல்ல வேண்டிவரும், லயமெல்லாம் தெரிந்துவிடும். கிளினிக் டொக்டரிடமும் கேட்கவில்லை. சாமிக்காக மருந்தை நிறுத்துகிறோம் என்றால் படிக்காததுகள் என்று நினைப்பாரோ என்று வெட்கம். கேட்க வேண்டிய இரண்டு இடத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றும் தெரியாத என்னிடம் கேட்டாய். நானும் பெரிய ஆள் மாதிரித் தீர்ப்புச் சொன்னேன்.

நான் மட்டும் தினமும் போய்க் குடித்தேன். காப்புக் கட்டாதவனுக்கு என்ன தடை? யோகன் எங்கே என்று மிஸ் கேட்டபோது, ஊருக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்றேன்.

ஐந்தாம் நாள் உன்னைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தேன். நீ கோவில் மண்டபத்தில் பாயில் சுருண்டிருந்தாய். மூக்கு ஒழுகியது, கொட்டாவி விட்டபடி இருந்தாய், கைகால் தூக்கித் தூக்கிப் போட்டது. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "புள்ளைக்கு அருளு வந்திருக்கு" என்று அத்தை உன் நெற்றியில் திருநீறு பூசினார். கிழவர்கள்கூட உன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அது அருள் இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

முன்னால் வந்து, நிறுத்துங்கள், இவனை மருந்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு பேர் ஏசியிருப்பார்கள். அதற்குப் பயந்தா நின்றேன்?

ஆனாலும் நீ எடுத்தாய். வாயில் அலகு குத்தி, தோளில் காவடி ஏந்தி, லயத்து வாசல் வாசலாக ஆடிக் காட்டினாய். அந்த உடம்பை வைத்துக்கொண்டு நீ எப்படி ஆடினாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சாமியை நம்புகிறேனோ இல்லையோ, அன்றைக்கு உன்னை நம்பினேன்.

காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்ட மறுநாள் காலையில் நீ அறைக்கு வந்தாய். கிளினிக்குக்கு வா என்று கூப்பிட்டேன். இன்றைக்கு உடம்பு முடியாது, நாளைக்குப் போகலாம் என்றாய். சரி என்று நான் மட்டும் போய் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். மருந்தை விட்டு நாள் கணக்கில் இருந்துவிட்டுப் பழைய அளவில் குடு எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடும் என்று டொக்டர் நம் இரண்டு பேருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்று காலையில் அதை உனக்கு நினைவுபடுத்தியிருக்கலாம். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது நீ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாய். மணிக்கட்டில் காப்புக் கட்டிய இடம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

செத்த வீட்டில் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். டவுனில் ஏதோ மருந்து குடித்தானாம், அதுதான் ஆளைக் கொன்றுவிட்டது என்றார்கள். நான் மறுக்கவில்லை. அந்த மருந்து இல்லாததுதான் உன்னைக் கொன்றது என்று சொன்னால், யார் நிறுத்தச் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். அதனால் உன் மருந்தின்மேல் பழி விழ விட்டேன். அடுத்த நாள் காலையில் போய் அதே மருந்தைக் குடித்தேன். மிஸ் கதைக்கச் சொன்னபோது என் பெயரைச் சொன்னேன். என் பெயரே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

போன மாதம் அத்தை ஆளனுப்பியிருந்தார். போனேன். மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், தலைத்துண்டுகூட அவிழ்க்கவில்லை. நேர்த்தி மூன்று வருஷத்துக்கு, ஒரு வருஷம்தான் முடிந்திருக்கிறது, மிச்சத்தை என்னை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சரி அத்தை என்று உடனே சொன்னேன். அவர் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எழும்பிப் போய் அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். உன் கிளினிக் கார்ட். திருவிழாவுக்குப் போகும்போது நீ பையில் கொண்டு போயிருக்கிறாய். அதன் மூலையில் குங்குமம் வைத்திருந்தார். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எத்தனை நாள் வேலைக்குப் போனோம், எந்த நாளுக்குப் பேர் பதியவில்லை என்று முப்பது வருஷமாகத் தோட்டத்து அட்டையைப் பார்த்த கண் அது.

"ஒரு நாள் விடாம பேரு விழுந்திருக்கு. காப்பு கட்டுன நாள்ல இருந்து விழல" என்றார். "ஏன்ப்பா?"

பதினொரு மாதமாக அவர் அந்த அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், மச்சான். ஊரே மருந்தைத் திட்டும்போது, அவர் மட்டும் கட்டங்களை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கிறார்.

சொன்னேன். பாலத்தில் நீ கேட்டது, நான் சொன்னது, அருள் என்று அவர் திருநீறு பூசியது என்ன என்பது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் அந்த அட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அடிப்பார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "உங்கிட்ட கேட்டானே, எங்கிட்ட ஏன் கேக்கல?"

அதை நான் உன்னிடம் கேட்கிறேன். உனக்குத் தெரியுமா?

பிறகு, "நீ அத இன்னும் குடிக்கிறியா?" என்றார்.

"தெனமும் குடிக்கிறேன் அத்தை."

"விட்றாத" என்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காவடி நீ எடு. ஆனா மொதல்ல போயி பூசாரிகிட்ட கேட்டுட்டு எடு."

நம் பூசாரி கொழுந்து லொறி ஓட்டுகிறவர்தானே, தண்ணீர்ப் பீலியடியில் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றார். நான் குடுவில் இருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"சீனி வருத்தத்துக்கு. காலையில ஒன்னு, ராவுல ஒன்னு. கையில காப்போடதான் போட்டுக்கிட்டு வர்றேன், தீ மிதிக்கிற அன்னைக்கும். நோய்க்குக் குடிக்கிறது மருந்துப்பா. அம்மனுக்கு அது தெரியாதா?"

எல்லையைப் பற்றிக் கேட்டேன். வெளியே இராத்தங்கக் கூடாது, அவ்வளவுதான், காலையில் போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடு என்றார். பிறகுதான் அவருக்கு உன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குளிசை அட்டையைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "கேட்டிருக்கலாமேப்பா அவன்" என்றார். லொறிப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான், மச்சான். ஒரு நிமிஷத்து வேலை. நீ கேட்டிருந்தால் அதே பதில்தான் வந்திருக்கும். நீ தினமும் காலையில் பஸ்ஸேறி வந்து, உன் வசனத்தைச் சொல்லிவிட்டு, பின்னேரம் கோவிலுக்குத் திரும்பியிருப்பாய். நான் அன்றைக்குப் பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதேன். டொக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விரதச் சாப்பாடு என்ன, எத்தனை வேளை என்று விசாரித்து, தண்ணீர் நிறையக் குடி, மருந்தை மட்டும் ஒருநாளும் தவறவிடாதே என்றார். பயந்த இரண்டு இடத்திலும் ஒருவரும் நம்மைக் கடிக்கவில்லை.

காப்புக் கட்டிய மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நான் வெளிக்கிட்டபோது, அத்தை சேலை மாற்றிக்கொண்டு படியில் நின்றார். "எம்புள்ள குடிச்ச எடத்த நானும் பாக்கணும்" என்றார். மலை வேலைக்கு அன்று பேர் கொடுக்கவில்லை. ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுத்தேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, "இங்கதான் கேட்டானா?" என்றார். ஆமாம் என்றேன். பாலம் முடியும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் நீ உட்காரும் அந்த மூலை வாங்குப் பலகையில் அவரை இருக்க வைத்தேன். என் முறை வந்தது. மிஸ் கப்பை நீட்டினார், என் காப்பைப் பார்த்தார். குடித்தேன். "ஏதாவது கதைங்க மல்லி" என்றார்.

வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. மருந்தை விழுங்கிவிட்டேன், வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பேச முடியவில்லை. மிஸ் காத்திருந்தார். அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், விதி. வரிசை பின்னால் நிற்கிறது. வாங்கிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"சொல்லுப்பா. அவன் என்ன சொல்லுவான், அதச் சொல்லு."

"உப்பு கொஞ்சம் கம்மி மிஸ்" என்றேன்.

மிஸ்ஸின் பேனை கட்டத்துக்கு மேலேயே நின்றது. என்னைப் பார்த்தார், வாங்கில் இருந்த அத்தையைப் பார்த்தார். யார் என்று நான் சொல்லவில்லை. உன் முகம் அப்படியே அத்தையின் முகம்தானே. எழும்பி வந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை சரியாக இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். போகும்போது அத்தை என்னிடம் கேட்டார், அவன் இங்கே எல்லாரையும் சிரிக்க வைத்தானாமே, ஏன் நீ எனக்கு அதைச் சொல்லவில்லை என்று. ஒரு வருஷமாக உன் சாவின் காரணத்தை மட்டும் மறைத்தேன் என்றுதான் நினைத்தேன். உன் சிரிப்பையும் சேர்த்து மறைத்திருக்கிறேன்.

அதனால் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். இன்னும் ஆறு நாளில் காவடி எடுப்பேன். அலகு குத்த மாட்டேன், எனக்கு வாய் வேண்டும். அன்று காலையிலும் கண்டிக்குப் போய்க் குடித்துவிட்டுத்தான் எடுப்பேன். டொக்டர் போதும் என்று சொல்கிற நாள்வரை, அது எத்தனை வருஷமானாலும், குடிப்பேன். குடித்துவிட்டு உன் வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன், அத்தையிடமும் பின்னேரம் போனில் சொல்வேன். வரிசையில் எவனாவது என் பக்கத்தில் குனிந்து, அண்ணே, இதைக் குடித்துக்கொண்டு காப்புக் கட்டலாமா, நோன்பு பிடிக்கலாமா, கல்யாணம் கட்டலாமா என்று கேட்டால், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவன் கையைப் பிடித்துக் கேட்க வேண்டிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவன் வாய் எழாமல் நின்றால் நானே கேட்பேன்.

உன் கார்டில் வெறுமையாகக் கிடக்கிற கட்டங்களை என்னால் நிரப்ப முடியாது. என்னுடையதில் ஒன்றையும் வெறுமையாக விட மாட்டேன்.

உன் ஜன்னல் சீட்டில் இப்போது அத்தையை மட்டும்தான் இருக்க விடுகிற,
உன் மச்சான்
ரவி